விசை எலக்ட்ரான் மேலா, கம்பி மேலா?

காந்தப்புலத்தில் வைத்த மின்னோட்டக் கம்பியின் மேல் எவ்வளவு விசை செயல்படும்? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிச்ச யாரைக் கேட்டாலும் பதில் வந்துவிடும்: பி ஐ எல் சைன் தீட்டா. பி காந்தப்புலம், ஐ மின்னோட்டம், எல் கம்பியின் நீளம், தீட்டா கம்பிக்கும் புலத்துக்கும் நடுவில் உள்ள கோணம். நாலையும் போட்டுப் பெருக்கினால் விடை. திசை தெரிய வேண்டுமென்றால் ஃபிளெமிங்கின் இடக்கை விதி. மூணு விரலை விரித்துப் பிடித்தால் முடிந்தது.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1948 முதல் 2019 மே வரை ஆம்பியர் என்கிற அலகையே இந்த விசையை வைத்துத்தான் வரையறுத்து வைத்திருந்தார்கள்: வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு நீண்ட இணைக் கம்பிகள், மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன். எழுபது வருஷம் உலகத்தின் மின் அளவீடு சாய்ந்து நின்ற சுவர் இது. அதில் ஓட்டை தேடுவது என் வேலை இல்லை.

என் குறை, சூத்திரத்தை வருவிக்கும் இடத்தில் வரும் ஒரே ஒரு தாவலின் மேல். மாநிலப் பாடநூலை எடுத்தாலும் சரி, என்.சி.இ.ஆர்.டி. நூலை எடுத்தாலும் சரி, பாதை ஒண்ணுதான். நகரும் ஒரு மின்துகளின் மேல் லாரன்ஸ் விசை செயல்படும். கம்பிக்குள் கட்டுறா எலக்ட்ரான்கள் இழுப்புத் திசைவேகத்தில் நகர்கின்றன. ஒரு எலக்ட்ரான் மேல் உள்ள விசையை மொத்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் பெருக்கு. எண்ணிக்கை, மின்னூட்டம், வேகம், பரப்பு எல்லாம் சேர்ந்து மின்னோட்டமாகிவிடும். ஆகவே கம்பியின் மேல் உள்ள விசை பி ஐ எல்.

அந்த "ஆகவே"தான் பிரச்சினை. நாம் கூட்டியது எலக்ட்ரான்கள் மேல் உள்ள விசையை. கடைசி வரியில் எழுதியது கம்பியின் மேல் உள்ள விசையை. எலக்ட்ரான் என்ன கம்பியில் ஆணி அடித்தா வைத்திருக்கிறது? அதைக் கட்டுறா எலக்ட்ரான் என்று நாம்தானே பேர் வைத்தோம்! கட்டு இல்லாத ஒன்றைத் தள்ளினால், அது குடியிருக்கும் செம்பு ஏன் நகர வேண்டும்? பேருந்துக்குள் நிற்கிறவர்களைத் தள்ளுவதும் பேருந்தைத் தள்ளுவதும் ஒண்ணா?

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்

வாதம் பண்ணுவதற்கு முன்னால் அளவுகளைப் பார்க்கணும். ஒரு மீட்டர் நீளச் செம்புக் கம்பி. கணக்கு எளிதாக இருக்க, குறுக்குவெட்டு ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சதுரம். அதில் 1 ஆம்பியர். கம்பிக்குச் செங்குத்தாக 1 டெஸ்லா புலம். சூத்திரப்படி விசை சரியாக 1 நியூட்டன், அதாவது ஏறக்குறைய நூறு கிராம் எடை. இந்தக் கம்பியின் எடையே 9 கிராம்தான். தன் எடையைப் போல பதினோரு மடங்கு விசை அதன் மேல்.

இப்போ எலக்ட்ரான் பக்கமிருந்து வருவோம். செம்பில் ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள். நம் கம்பியில் 8.5 × 10²² இருக்கும். 1 ஆம்பியருக்கு அவற்றின் இழுப்புத் திசைவேகம் விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது இந்த ஒரு மீட்டரைக் கடக்க ஒரு எலக்ட்ரானுக்கு மூணேமுக்கால் மணி நேரம் ஆகும். எறும்பு இதைவிட வேகம். ஒவ்வொன்றின் மேலும் சராசரி காந்த விசை 1.2 × 10⁻²³ நியூட்டன். எண்ணிக்கையால் பெருக்கினால் மறுபடியும் 1 நியூட்டன். பாடநூல் போட்ட கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆனால் இந்த எலக்ட்ரான்கள் அத்தனையின் மொத்த நிறை என்ன? 0.08 மில்லிகிராம் கூட இல்லை. கம்பியின் நிறையில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முழு ஒரு நியூட்டனும் இந்தத் துளியூண்டு நிறையின் மேல்தான் விழுகிறது. மிச்சமிருக்கும் 9 கிராம், அதாவது செம்பு அயனிகள், அசையாமல் நிற்கின்றன. நிற்கும் மின்னூட்டத்தின் மேல் காந்த விசை கிடையாது. இதுவும் அதே பாடத்தில், சில பக்கங்களுக்கு முன்னால் சொன்ன விஷயம்தான்.

ஆக, பாடநூல் தன் வாயாலேயே சொல்வது இது: கம்பியின் 99.999 சதவீதத்தின் மேல் காந்தம் எந்த விசையும் செலுத்தவில்லை. ஆனால் கம்பி தூக்கி எறியப்படுகிறது. நடுவில் யாரோ கை மாற்றி விடுகிறார்கள். யார் அது? அதைத்தான் அந்த "ஆகவே" முழுங்கிவிட்டது.

இதே சந்தேகம் வந்த ஒரு மாணவர்

இது வகுப்பில் கேட்டால் "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வரக்கூடிய கேள்வி. ஆனால் இயற்பியல் வரலாற்றில் இதே கேள்வியைக் கேட்ட ஒருவருக்குக் கிடைத்த பலன் கொஞ்சநஞ்சம் இல்லை.

1879. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். எட்வின் ஹால் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர் மாக்ஸ்வெல்லின் பெரும் நூலைப் படித்துக்கொண்டிருக்கிறார். 1873-இல் வந்த மின்சாரமும் காந்தமும் பற்றிய நூல். அதில் மாக்ஸ்வெல் ஒரு எச்சரிக்கை கொடுக்கிறார்: மின்னோட்டம் பாயும் கடத்தியைத் தள்ளும் விசை, கடத்தியின் மேல் செயல்படுவதே தவிர மின்னோட்டத்தின் மேல் செயல்படுவது இல்லை என்று மாணவர்கள் நன்றாக நினைவில் வைக்கணுமாம். கடத்தியை நகரவிடாமல் பிடித்து வைத்தால், உள்ளே மின்னோட்டம் காந்தம் இல்லாதபோது எப்படிப் பாயுமோ அப்படியே பாயும் என்பது அவர் கருத்து.

கவனியுங்கள். இன்றைய பாடநூல் சொல்வதற்கு இது நேர் எதிர். நம் நூல் விசையை முழுக்க எலக்ட்ரான் மேல் வைத்துவிட்டுக் கம்பிக்குத் தாவுகிறது. மாக்ஸ்வெல் விசையை முழுக்கக் கம்பியின் மேல் வைத்துவிட்டு, ஓடுவதைத் தொடாமல் விட்டார்.

ஹாலுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. மின்னோட்டம் இல்லாத கம்பியைக் காந்தம் தள்ளுவதில்லை. விசையின் அளவு மின்னோட்டத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கம்பி தடியா, ஒல்லியா, என்ன உலோகம் என்பதைப் பொறுத்து இல்லை. அப்படியென்றால் காந்தம் கண்டுகொள்வது மின்னோட்டத்தைத்தானே, கம்பியை இல்லையே? போதாக்குறைக்கு ஸ்வீடன் இயற்பியலாளர் எட்லண்டின் கட்டுரை ஒன்று மாக்ஸ்வெல்லுக்கு எதிரான நிலையை எடுத்திருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தன் ஆசிரியர் ஹென்றி ரோலண்டிடம் போய்க் கேட்டார். ரோலண்டுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவரும் முன்னால் இதைச் சோதித்துப் பார்த்துப் பலன் கிடைக்காமல் விட்டிருந்தார்.

மின்னோட்டத்தையே காந்தம் இழுக்கிறது என்றால் அது கம்பியின் ஒரு பக்கமாக ஒதுங்கணும். ஒதுங்கினால் பாயும் வழி குறுகி மின்தடை கூடணும். ஹால் முதலில் இதைத்தான் தேடினார். ஜெர்மன் சில்வர் கம்பியைத் தட்டையான சுருளாகச் சுற்றி, காந்த முனைகளுக்கு நடுவில் வைத்து, மின்தடையை அளந்தார். மாற்றம் எதுவும் இல்லை. அடுத்ததாக வேறு விதமாக யோசித்தார்: மின்னோட்டம் ஒதுங்க முயன்று, ஒதுங்க முடியாமல், ஒரு பக்கச் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறதோ? அப்படியென்றால் கடத்தியின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்னழுத்த வேறுபாடு தெரியணும்.

அது தெரியுமா என்பதை நம் கம்பியை வைத்தே பார்க்கலாம். 1 ஆம்பியர், 1 டெஸ்லா, 1 மில்லிமீட்டர் தடிமன். பக்கவாட்டு மின்னழுத்தம் 0.07 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. அந்தக் காலத்துக் கால்வனாமீட்டரில் இதைப் பார்ப்பது மழைச் சத்தத்தில் ஊசி விழும் ஓசையைக் கேட்பது மாதிரி. ஆனால் மின்னோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடத்தியை மெல்லியதாக்கினால், எலக்ட்ரான் வேகம் கூடும், இந்த மின்னழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். ரோலண்டின் யோசனைப்படி ஹால் கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய தங்க ரேக்கை எடுத்துக்கொண்டார். 1879 அக்டோபர் 28 அன்று கால்வனாமீட்டர் முள் நகர்ந்தது.

மாக்ஸ்வெல் அதற்கு எட்டு நாள் கழித்து, நவம்பர் 5 அன்று, கேம்பிரிட்ஜில் இறந்துபோனார். எலக்ட்ரான் என்று ஒன்று உண்டு என்பதே நிலைநாட்டப்படாத காலம் அது, ஜே. ஜே. தாம்சனின் சோதனைகளுக்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தது. இன்று வண்டிகளிலும் மின்விசிறி மோட்டார்களிலும் உட்கார்ந்திருக்கும் ஹால் சென்சார் எல்லாம் அந்த முள்ளின் நகர்வில் தொடங்கியதுதான்.

கை மாற்றி விடுவது யார்

இப்போ நம் கேள்விக்குப் பதில் சொல்லலாம். காந்தம் எலக்ட்ரான்களை வலப்பக்கம் தள்ளுகிறது என்று வைப்போம். அவை வலப்பக்கச் சுவரில் கொஞ்சம் சேரும். இடப்பக்கம் எலக்ட்ரான் குறைந்து நேர்மின்னூட்டம் தலைகாட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மின்புலம் உருவாகும். இது எலக்ட்ரான்களை இடப்பக்கம் இழுத்து, காந்த விசையைச் சரிக்கட்டிவிடும். அதனால்தான் ஓட்டம் பிறகு நேராகவே போகிறது. ஹால் மின்தடையில் மாற்றத்தைக் காணாததன் காரணமும் இதுவே. ஆனால் அதே மின்புலம் நேர்மின் அயனிகளை எந்தப் பக்கம் தள்ளும்? வலப்பக்கம். எலக்ட்ரான்களைக் காந்தம் தள்ளிய அதே பக்கம். அயனிகளின் மொத்த மின்னூட்டம் எலக்ட்ரான்களின் மொத்தத்துக்குச் சமம் என்பதால் அளவும் அதேதான்: 1 நியூட்டன்.

அதாவது செம்பின் உடம்பைத் தள்ளுவது காந்த விசை இல்லை, மின் விசை. காந்தம் எலக்ட்ரானிடம் கொடுத்ததை, எலக்ட்ரான் மின்புலம் வழியாகச் செம்பிடம் ஒப்படைக்கிறது. ஹால் அளந்தது இந்த ஒப்படைப்பின் கைரேகையை.

இதற்கு எத்தனை எலக்ட்ரான் ஒரு பக்கம் ஒதுங்கணும்? கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். நம் கம்பியில் தேவையான மின்புலம் மீட்டருக்கு 7 × 10⁻⁵ வோல்ட் சொச்சம். அதை உண்டாக்க, ஒரு மீட்டர் நீளச் சுவர் முழுக்கச் சேர்த்து வேண்டிய மின்னூட்டம், தோராயமாக நாலு எலக்ட்ரானுடையது. நாலு கோடி இல்லீங்க, வெறும் நாலு! ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாலு எலக்ட்ரான் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா எலக்ட்ரான்களும் சேர்ந்து சராசரியாக அவ்வளவு துளி நகர்ந்தாலே போதும் என்று அர்த்தம். 8.5 × 10²² அயனிகளின் மேல் ஒரே நேரத்தில் விழுவதால் அந்தத் துளிப் புலமே நூறு கிராம் எடைக்குச் சமமான விசையாகிவிடுகிறது. ஒரு சூத்திரத்தின் பின்னால் இவ்வளவு அழகான விஷயம் ஒளிந்திருக்க, "ஆகவே" என்று சொல்லித் தாண்டிப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நேர்மையான திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லணும். மேலே சொன்ன படம் செம்புக்கும் தங்கத்துக்கும் பொருந்தும். துத்தநாகம், காட்மியம் போன்ற சில உலோகங்களில் ஹால் மின்னழுத்தத்தின் குறி தலைகீழ். இரும்பில் தலைகீழாக வருவதை ஹாலே பார்த்துவிட்டார். அந்த உலோகங்களில் ஹால் மின்புலம் அயனிகளைத் தப்பான பக்கம் தள்ளும்! ஆனாலும் துத்தநாகக் கம்பியின் மேல் விசை பி ஐ எல்தான், திசையும் இடக்கை விதிப்படிதான். காரணம், எலக்ட்ரானுக்கும் படிக அமைப்புக்கும் நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஹால் புலம் ஒன்றோடு முடிவதில்லை. அயனிகளின் ஒழுங்கான வரிசையே எலக்ட்ரானின் நகர்வை மாற்றி அமைக்கிறது. அதன் எதிர்விசை வரிசையின் மேல் திரும்பி விழுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு சரியாக நிற்கும்.

ஏன் சரியாக நிற்கும்? வெளியே இருந்து வந்த விசை காந்தம் கொடுத்தது மட்டும். உள்ளே எலக்ட்ரானும் அயனியும் ஒன்றையொன்று தள்ளுவதெல்லாம் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சோடி சோடியாக அடிபட்டுப் போகும். எலக்ட்ரான்கள் கம்பியைவிட்டு வெளியே ஓடிப் போகாதவரை, வெளியே இருந்து கிடைத்தது முழுவதும் கம்பிக்குத்தான் போய்ச் சேரணும், எந்த வழியாகப் போனாலும் சரி. பாடநூல் விட்டுவிட்ட வாக்கியம் இதுதான். இதை எழுத ஒன்றரை வரி போதும்.

இது விடுபட்டதால் வரும் குழப்பம்

"சரி, விடை சரியா வருதுல்ல, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். விடுபட்ட ஒன்றரை வரி அதோடு நிற்காமல், அடுத்த பக்கத்தில் முரண்பாடாக எழுந்து நிற்கிறது என்பதுதான் பதில்.

அதே பாடத்தில் இன்னொரு வாக்கியம் வரும்: காந்த விசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து, ஆகவே அது வேலை செய்யாது. நல்லது. சில பக்கம் தள்ளி மின்மோட்டார் தத்துவம் வரும்: காந்தப்புலத்தில் உள்ள கம்பியின் மேல் விசை, அதனால் சுற்றுகிறது, வேலை செய்கிறது. வேலையே செய்யாத விசை எப்படித் தண்ணீரை நூறு அடி மேலே ஏற்றுகிறது? இரண்டையும் மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு இரண்டிலும் முழு மதிப்பெண் கிடைக்கும். இரண்டையும் யோசித்த பிள்ளைதான் தவிக்கும்.

விசை முதலில் எலக்ட்ரான் மேல் என்பதைப் பிடித்துக்கொண்டால் முடிச்சு அவிழும். கம்பி பக்கவாட்டில் நகர ஆரம்பித்ததும் எலக்ட்ரானுக்கு இரண்டு வேகம்: கம்பி நெடுக ஒன்று, கம்பியோடு சேர்ந்து பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டு வேகத்தால் எழும் காந்த விசை, கம்பி நெடுக மின்னோட்டத்துக்கு எதிராக இருக்கும். இதைத்தான் வேறொரு பாடத்தில், வேறு பெயரில், எதிர் மின்னியக்கு விசை என்று படிக்கிறோம். கம்பியை முன்னால் தள்ளுவதும் மின்னோட்டத்தைப் பின்னால் இழுப்பதும் ஒரே காந்த விசையின் இரண்டு கூறுகள். ஒன்று செய்யும் வேலை நேர், மற்றது செய்யும் வேலை எதிர், கூட்டினால் பூஜ்யம்.

எண்ணில் பார்க்கலாம். நம் கம்பியின் மின்தடை 0.017 ஓம். அசையாமல் பிடித்து வைத்திருக்கும்போது 1 ஆம்பியரைத் தக்கவைக்கப் பேட்டரி 0.017 வோல்ட் கொடுத்தால் போதும். கம்பியை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் அதே 1 ஆம்பியருக்கு 2.017 வோல்ட் வேண்டும். கூடுதலாகப் பேட்டரி கொடுப்பது 2 வாட். கம்பியில் கிடைக்கும் இயந்திர வேலை, 1 நியூட்டன் பெருக்கல் 2 மீட்டர், அதே 2 வாட். கணக்கில் ஒரு பைசா பாக்கி இல்லை. வேலை முழுக்கப் பேட்டரியுடையது.

கமலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மாடு சரிவில் இறங்குகிறது, சால் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருகிறது. நடுவில் இருக்கும் உருளை இல்லாவிட்டால் மாட்டின் நடை நீரைத் தூக்கும் இழுப்பாகத் திரும்பாது. ஆனால் உருளை எந்த வேலையும் செய்யவில்லை. திசையை மட்டும் மாற்றியது. களைத்துப் போவது மாடு. காந்தம் என்பது உருளை. பேட்டரிதான் மாடு.

மோட்டாருக்குள் இன்னொரு கை மாற்றம்

"விசை எதன் மேல்?" என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு உண்மையான மோட்டாரைத் திறந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பாடநூல் படத்தில் காந்த முனைகளுக்கு நடுவில் ஒரு செவ்வகக் கம்பிச் சுருள் அந்தரத்தில் தொங்கும். நிஜ மோட்டாரில் கம்பி அந்தரத்தில் இல்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தில் ஸ்லாட் வெட்டி, உள்ளே காகிதம் வைத்து, அதற்குள் கம்பியைத் திணித்து வைண்டிங் செய்வார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் எந்தப் பம்ப் மோட்டார் பட்டறையிலும் இதை நேரில் பார்க்கலாம்.

இரும்பு காந்தப்புலத்துக்கு ராஜபாட்டை மாதிரி. புலக்கோடுகள் பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவில் நிற்கும் இரும்புப் பற்கள் வழியாகவே போய்விடும். கம்பி இருக்கும் ஸ்லாட்டுக்குள் புலம் மிகக் குறைவு. அப்படியானால் அங்கே கம்பியின் மேல் விசையும் குறைவாகத்தான் இருக்கணும். ஆனால் மோட்டார் வடிவமைக்கிறவர்கள் காற்று இடைவெளியில் உள்ள சராசரிப் புலத்தைப் போட்டே பி ஐ எல் கணக்கிடுகிறார்கள். முறுக்கு விசையும் சரியாக வருகிறது.

என்ன நடக்கிறது? விசையின் பெரும்பங்கு கம்பியின் மேல் விழுவதே இல்லை. கம்பியின் மின்னோட்டம் பற்களின் இரு பக்கமும் புலத்தை ஏற்றத்தாழ்வாக்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வு இரும்புப் பல்லைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சுற்றுவது இரும்பு, கம்பி உள்ளே சொகுசாக உட்கார்ந்து வருகிறது. மொத்தம் மட்டும் ஏன் பி ஐ எல் ஆகவே இருக்கிறது என்பதற்கு நாம் மேலே போட்ட வாட் கணக்கே விடை. எதிர் மின்னியக்கு விசை, சுருளைக் கடக்கும் மொத்தப் பாயத்தின் மாற்றத்தைப் பொறுத்தது. அது இடைவெளியின் சராசரிப் புலத்தால் முடிவாகிறது. பேட்டரி கொடுத்த வாட் எங்கே போகும்? சுழற்சிக்குத்தான்.

இதில் நடைமுறைப் பலனும் உண்டு. ஆரம்பகால டைனமோக்களில் பல் இல்லாத வழவழப்பான உருளையின் மேல் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முழு விசையும் கம்பியின் மேலேயே விழும்; கம்பி வழுக்காமல் பிடித்து வைப்பதே பெரும்பாடு. ஸ்லாட் வந்தபிறகு அந்தச் சுமை இரும்புக்குப் போனது. அந்தக் காகிதம் இத்தனை வருஷம் கிழியாமல் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை எதிர்ப்பக்கமும் சொல்லணும். ஸ்லாட் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் கடத்திகளில் விசை முழுக்கக் கடத்தியின் மேலேயே விழும். துணைமின்நிலையத்தில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பஸ்பார். ஷார்ட் சர்க்யூட்டில் அவற்றில் 10,000 ஆம்பியர் பாய்கிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 200 நியூட்டன், அதாவது இருபது கிலோ எடை, ஒரு கணத்தில் அடிக்கும். தாங்கும் இன்சுலேட்டர் உடையுமா நிற்குமா என்பதை இதே பி ஐ எல்தான் தீர்மானிக்கிறது. ஆக, விசை எதன் மேல் விழுகிறது என்று கேட்பதில் வேதாந்தம் எதுவும் இல்லை. எதை இறுக்கிக் கட்டணும் என்கிற கேள்வி அது.

என்ன செய்யலாம்

பள்ளிப் பாடத்தில் உலோகங்களின் குவாண்டம் கொள்கையை நுழைக்கச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஹால் புலத்தைக் கணக்கிடணும் என்றும் சொல்லவில்லை. வருவித்தலின் கடைசி வரிக்கு முன்னால் இப்படி மூன்று வாக்கியம் சேர்த்தால் போதும்:

"இதுவரை கூட்டியது எலக்ட்ரான்கள் மேல் உள்ள விசை. எலக்ட்ரான்கள் கம்பியைவிட்டு வெளியேற முடியாததால், அவை பெறும் தள்ளல் முழுவதையும் கம்பியின் அயனிகளுக்குக் கடத்துகின்றன. ஆகவே கம்பியின் மேல் உள்ள விசையும் அதே அளவு."

இப்போ அந்த "ஆகவே" நியாயமான "ஆகவே". கூடவே பயிற்சியில் ஒரு கேள்வி: "செம்பு அயனிகள் நகரவில்லை, நகராத மின்னூட்டத்தின் மேல் காந்த விசை இல்லை. பிறகு கம்பி ஏன் நகர்கிறது?" மதிப்பெண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது என்று புத்தகமே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

நம் பாடநூல்களைக் குறை சொல்கிறவர்கள் வழக்கமாக எழுத்துப் பிழையையும் எண் பிழையையும் காட்டுவார்கள். அவை அடுத்த பதிப்பில் சரியாகிவிடும். எண் சரியாக இருந்து, காரணம் விடுபட்டுப் போன இடங்களை யாரும் புகாராக எழுதுவதில்லை. விடைதான் சரியாக வருகிறதே! மாக்ஸ்வெல்லின் நூலிலும் சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. விசை எதன் மேல் என்ற ஒரு வாக்கியத்தில்தான் ஹாலுக்கு இடறியது. அவர் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகவில்லை, அவருடைய ஆசிரியரும் "உட்காரு" என்று சொல்லவில்லை.